ஆயில் ஃபில்டரைக் குத்தாதீர்கள்

காரின் ஆயில் ஃபில்டர் கழல மறுக்கிறது என்று யாரிடம் சொன்னாலும் ஒரே யோசனைதான் வரும். பெரிய திருப்புளி ஒன்றை எடுத்து ஃபில்டரின் வயிற்றில் சுத்தியலால் அடித்து இறக்கு, அதையே கைப்பிடியாகப் பிடித்துத் திருப்பு. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், மச்சான் சொல்வார், டீக்கடையில் நிற்பவர்கூடச் சொல்வார். சில நேரம் அது பலிக்கவும் செய்யும். வம்பே அதில்தான் இருக்கிறது. ஒருமுறை பலித்ததைப் பார்த்தவர் ஆயுளுக்கும் அதைத்தான் சிபாரிசு செய்துகொண்டிருப்பார்.

ஃபில்டர் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டால் இந்த யோசனை ஏன் கெட்டது என்பது தானாகப் புரியும். பழைய ஃபில்டர் ஒன்றை ரம்பத்தால் குறுக்கே அறுத்துப் பாருங்கள். உள்ளே மடிப்பு மடிப்பாகக் காகிதம். நடுவில் பொத்தல் போட்ட ஒரு குழாய். எஞ்சின் நின்றதும் ஆயில் வடிந்து போய்விடாமல் தடுக்க ஒரு ரப்பர் வால்வு. காகிதம் அடைத்துக்கொண்டால் ஆயிலுக்கு மாற்று வழி விட, பெரும்பாலான ஃபில்டர்களில், ஒரு பைபாஸ் வால்வு. இத்தனையையும் மூடியிருக்கும் தகரம் அரை மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன்தான். வாய்ப் பக்கத்தில் மட்டும் தடித்த இரும்புத் தட்டு ஒன்று உண்டு. அதன் நடுவில்தான் மரை. சுற்றிலும் ஆயில் நுழையும் துளைகள். விளிம்பில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம், அதாவது கேஸ்கெட். தட்டையும் தகரத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஓரத்தில் மடித்து அழுத்திய ஒரு மடிப்பு.

ஆக, எஞ்சினைப் பிடித்துக்கொண்டிருப்பது தட்டு. நாம் குத்தித் திருப்புவது தகரத்தை. கேஸ்கெட் கொஞ்சம் ஒட்டியிருந்தால் இரண்டும் சேர்ந்து சுழலும், வேலை முடியும். நன்றாக ஒட்டியிருந்தால் தகரம் கிழியும். திருப்புளி நின்ற இடத்தில் நீள ஓட்டை விழும், ஆயில் முழங்கை வழியாக அக்குள் வரை வழியும், ஃபில்டர் இருந்த இடத்திலேயே இருக்கும். இன்னும் முரட்டுத்தனமாக இழுத்தால் டப்பா தனியாக வந்துவிடும். தட்டு மட்டும் எஞ்சினில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்புறம் உளியை அதன் விளிம்பில் வைத்துச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டிச் சுழற்ற வேண்டும். உளி கொஞ்சம் வழுக்கினால் கேஸ்கெட் உட்காரும் அலுமினியப் பரப்பில் கீறல். அதன் பிறகு எத்தனை புது ஃபில்டர் மாட்டினாலும் அந்த இடத்தில் கசிவு வரலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. குத்தாத வரையில் அது ஓடுகிற கார். முடியவில்லை என்றால் ஸ்டார்ட் செய்து பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போகலாம். குத்திய நொடியில் அந்த வழி அடைபட்டுவிடும். அதனால்தான் நான் வேலையை எப்போதும் தலைகீழாகத் தொடங்குவேன். எல்லோரும் முதலில் ஆயிலை வடித்துவிட்டு, பிறகு ஃபில்டரில் கை வைப்பார்கள். நான் முதலில் ஃபில்டர் அசைகிறதா என்று பார்ப்பேன். அசைந்தால் நிறுத்திவிட்டு, அப்புறம் ஆயிலை வடிக்கும் டிரெய்ன் போல்ட்டைக் கழற்றுவேன். அசையவில்லையா, ஆயில் உள்ளேயே இருக்கிறது, கார் போகும்.

போன வருடம் பொள்ளாச்சியில் மாமனார் வீட்டில் இந்தப் பழக்கம் கைகொடுத்தது. அவருடைய பழைய வேகன்ஆர். அவருக்கு அந்தக் கார் மேல் பாசம் அதிகம், அதனடியில் யாராவது படுத்தால் பயமும் அதிகம். சர்வீஸுக்கு வழக்கமாக ஒரு பட்டறையில் விடுவார். அந்த முறை நானே மாற்றிவிடுகிறேன் என்று ஜாக்கி போட்டு, ஸ்டாண்ட் கொடுத்து, அடியில் படுத்தேன். (ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள். மற்றதை எல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.)

கையால் திருப்பினால் இம்மிகூட அசையவில்லை. பனியன் வேஸ்டால் துடைத்துவிட்டுப் பிடித்தேன். ம்ஹூம். மாமனார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள, உடுங்க. நம்ம பையன்கிட்ட உட்டா அஞ்சு நிமிசத்துல கழட்டிப்போடுவான்."

"அந்தப் பையன் இறுக்குனதுதானுங்க மாமா இது."

"ஆமாங்க, நல்லா இறுக்குவான். போன தடவ பெரிய பைப்பு ஒண்ணப் போட்டு இறுக்குனான். நான் நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன்."

அவர் அதைப் பெருமையாகச் சொன்னார். நம் ஊரில் இறுக்கமாக மாட்டுவதுதான் பொறுப்பான வேலை என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. சக்கர நட்டுக்கு அது ஓரளவு சரி. ஆயில் ஃபில்டருக்குச் சரியில்லை.

அங்கே கசிவைத் தடுப்பது ரப்பர். கேஸ்கெட் எஞ்சினைத் தொட்ட பிறகு முக்கால் சுற்று கையால் திருப்பினால் போதும் என்றுதான் பெரும்பாலான ஃபில்டர்களின் அட்டையிலேயே படம் போட்டிருக்கும். சிறிய கார்களுக்கு நிறுவனங்கள் சொல்லும் திருகு விசை 12 முதல் 18 நியூட்டன் மீட்டருக்குள் வரும். சக்கர நட்டுக்கு 80க்கு மேல். அந்தப் பையன் பைப் போட்டு இறுக்கியது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? அளவுக்கு மேல் நசுங்கிய ரப்பர், மாதக்கணக்கில் எஞ்சின் சூட்டில் வெந்து, கெட்டிப்பட்டு, அலுமினியத்தோடு ஒட்டிப் போகிறது. மாட்டும்போது கேஸ்கெட்டில் ஒரு சொட்டு ஆயில் தடவாமல் காய்ந்தபடி மாட்டியிருந்தால் ஒட்டுவது இன்னும் மோசம். மரை துருப்பிடித்துவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். ஆயிலில் ஊறிக்கிடக்கும் மரை அது, துருப்பிடிக்க வாய்ப்பே குறைவு. பிடிவாதமெல்லாம் கேஸ்கெட்டில்தான்.

கை ஏன் தோற்கிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 65 மில்லிமீட்டர் விட்டமுள்ள டப்பாவில் 14 நியூட்டன் மீட்டர் திருப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் சுமார் 22 கிலோ எடையின் விசையில் ஓரத்தைத் தள்ள வேண்டும். ஆயில் பட்ட தகரத்தில் உராய்வு பத்தில் ஒரு பங்கு என்றால், அந்த 22 கிலோ கிடைக்க 220 கிலோவுக்குப் பிடியை நெருக்க வேண்டும். எவராலும் ஆகாது. அதே டப்பாவை நன்றாகத் துடைத்துவிட்டு, உள்ளங்கையில் ரப்பர் பூசிய கையுறை போட்டுப் பிடித்தால் உராய்வு பாதிப் பங்குக்கு ஏறும். 44 கிலோ போதும். திடமான ஆளின் கைப்பிடி அந்த அளவில்தான் இருக்கும். ஒழுங்காக மாட்டிய ஃபில்டர் கையுறையோடு வந்துவிடுவதும், பைப் போட்டு இறுக்கியது வராததும் இதனால்தான். அதனால் ரிஞ்ச் தேடும் முன் செய்ய வேண்டியது துடைப்பது. கொஞ்சம் பெட்ரோலோ பிரேக் கிளீனரோ துணியில் நனைத்து, எஞ்சின் ஆறியிருக்கும்போது, ஃபில்டரின் வெளிப்புறத்தைச் சுத்தமாகத் துடைத்துக் காய விட வேண்டும்.

அடுத்தது பட்டை ரிஞ்ச். நைலான் பட்டையோ இரும்புப் பட்டையோ டப்பாவைச் சுற்றிப் பிடிக்கும், கைப்பிடியை இழுக்க இழுக்க இறுகும். சங்கிலி போட்டதும் உண்டு. மூன்றும் செய்வது ஒரே வேலைதான். முரண்டு பிடிக்கும் மாட்டின் கயிற்றைக் கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் சின்னப் பையன்கூடப் பிடித்து நிறுத்திவிடுவான், அந்தத் தந்திரம். ஒரு முழுச் சுற்றில், உராய்வு 0.3 இருந்தால், ஒரு முனையின் இழுப்பு மறுமுனையில் ஆறரை மடங்கைத் தாங்கும். அதே பட்டை ஆயிலில் நனைந்து உராய்வு 0.1க்கு இறங்கினால் இரண்டு மடங்குகூடக் கிடையாது. பட்டை ரிஞ்ச் மட்டம் என்று தூக்கி எறிபவர்கள் பாதிப் பேர் அதை ஆயில் வழிகிற டப்பாவில் போட்டவர்கள். வழுக்கினால் பட்டைக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு துண்டு உப்புத்தாளைச் சொரசொரப்பு தகரத்தைப் பார்க்கும்படி வைத்துப் பாருங்கள், பிடிக்கும். பட்டையைத் தலைமாற்றிப் போட்டிருக்கிறீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் இழுத்தால் இறுகும், மறுபக்கம் இழுத்தால் நெகிழும்.

பட்டையை எங்கே போடுகிறோம் என்பது எந்த ரிஞ்ச் என்பதைவிட முக்கியம். நடு வயிற்றில் போட்டு இழுத்தால் தகரம் நசுங்கும். நசுங்கிய டப்பாவில் அப்புறம் எதுவும் ஒழுங்காகப் பிடிக்காது. எஞ்சினை ஒட்டி, தட்டு இருக்கும் ஓரத்தில் போட வேண்டும். அங்கே உள்ளே இரும்பு நிற்கிறது, எவ்வளவு நெருக்கினாலும் தாங்கும்.

வேகன்ஆரின் அடியில் எனக்கு இருந்த தொல்லை, பட்டை பிடித்தது, ஆனால் கைப்பிடியை வீச இடமில்லை. விரலளவு போனதும் எதிலாவது முட்டியது. பட்டையைத் தளர்த்தி, திரும்ப மாட்டி, இழுத்தால் அந்த விரலளவும் ரப்பரின் நெகிழ்ச்சியிலேயே போய்விட்டது. விட்டதும் டப்பா பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. வேலையை நிறுத்திவிட்டு ஜாக்கியை இறக்கி, அதே காரை எடுத்துக்கொண்டு கோவைக்குப் போனோம். ஆயில் உள்ளேதானே இருக்கிறது.

உக்கடம் பக்கம் ஒரு ஸ்பேர்ஸ் கடை. கிண்ணம் மாதிரி ஃபில்டரின் தலையில் கவிழ்த்து மாட்டும் வகை இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் எடுத்துக் கொடுக்காமல் திருப்பிக் கேட்டார்.

"உங்க வண்டில இப்ப மாட்டியிருக்கறது எந்தக் கம்பெனி ஃபில்டருங்க? தலைல வரி இருக்குதுங்களா?"

நல்ல கேள்வி. கிண்ண ரிஞ்ச் அளவு பொருந்தினால் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. நசுக்காது, வழுக்காது, ராட்செட்டில் (ஒரு பக்கம் திருகும், மறுபக்கம் சும்மா சுழலும் கைப்பிடி) மாட்டி நேராகத் திருப்பலாம், வீச இடமும் அதிகம் வேண்டாம். ஆனால் அது டப்பாவின் தலையைச் சுற்றி வரிவரியாக உள்ள தட்டை முகங்களை நம்பி வாழ்கிறது. 65 மில்லிமீட்டரில் 14 முகம், 76 மில்லிமீட்டரில் 15 முகம் என்று ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒரு அளவு. சில ஃபில்டர்களின் தலை வழவழவென்று உருண்டையாகவே இருக்கும். புது ஃபில்டரைக் கையோடு கொண்டுபோய்க் கிண்ணத்தைப் போட்டுப் பார்த்து வாங்குவது நல்ல பழக்கம்தான். ஆனால் கழற்ற வேண்டியது பழையது. அது வேறு கம்பெனியாக இருந்தால் வாங்கிய கிண்ணம் அடுத்த முறைக்குத்தான் உதவும். நாங்கள் கார் அடியில் குனிந்து, போனில் விளக்குப் போட்டுப் பார்த்தோம். உருண்டைத் தலை. அதிலும் யாரோ வாய் ரிஞ்ச் போட்டுக் கடித்த பல் தடம். பையனின் கைங்கரியம்தான். மாமனார் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

கடைக்காரர் கொடுத்தது மூன்று கால் ரிஞ்ச். பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரிதான். ஒரு வட்டத் தலை, அதிலிருந்து வளைந்து தொங்கும் மூன்று இரும்புக் கால்கள், நடுவில் ராட்செட் மாட்டும் சதுரக் குழி. உள்ளே பல் சக்கரங்கள் இருக்கின்றன. நடுச் சதுரத்தைத் திருப்பினால் மூன்று கால்களும் உள்பக்கம் குவிந்து டப்பாவைக் கவ்வும். ஃபில்டர் எதிர்க்க எதிர்க்கக் கால்கள் இன்னும் குவியும். எந்தப் பக்கம் திருப்பினாலும் கவ்வும். சின்னக் கார் முதல் பெரிய வண்டி வரை ஒரே ரிஞ்ச் பல அளவுகளுக்குப் போதும். விலை சில நூறு ரூபாய்.

இதன் குறை, கவ்வுவதோடு நசுக்கவும் செய்யும். அதனால் திரும்ப மாட்டப்போகிற ஃபில்டரில் இதைப் போடக்கூடாது. குப்பைக்குப் போகிற ஃபில்டர் நசுங்கினால் நமக்கென்ன? கால்கள் குட்டை என்பதால் நீளமான டப்பாவில் அவை தட்டுப் பக்கம் வரை எட்டாது, தலையிலேயே கவ்வித் திருகி முறுக்கிவிடும். பெரிய டீசல் வண்டிகளின் நீள ஃபில்டருக்கு நான் பட்டையையோ சங்கிலியையோதான் எடுப்பேன், ஓரத்தில் போடுவேன். மாருதி போன்ற சின்ன பெட்ரோல் கார்களின் குட்டை ஃபில்டரில் கால்கள் கிட்டத்தட்ட அடி வரை போய்விடும். இந்த ரிஞ்சுக்கு அதுதான் பொருத்தமான இடம்.

வீட்டுக்கு வந்து எஞ்சினைச் சில நிமிடம் மட்டும் ஓட விட்டேன். ரப்பர் கொஞ்சம் இளகினால் போதும். நன்றாகச் சூடேற்றிவிட்டால் ஆயில் கையைச் சுட்டுவிடும், சைலன்சர் குழாய் அதைவிட மோசம். மறுபடி ஜாக்கி, ஸ்டாண்ட். ரிஞ்சின் கால்களை முடிந்த வரை மேலே தள்ளி, அதற்கும் ராட்செட்டுக்கும் நடுவில் ஒரு நீட்டுக் கம்பி போட்டேன். அதனால் கை எல்லாவற்றுக்கும் கீழே, வெளியே வந்துவிட்டது, வீசுவதற்கு இடம் தாராளம். எந்தப் பக்கம் திருப்புவது என்பதையும் அந்த நேரத்தில் நிதானமாக யோசிக்க வேண்டும். ஃபில்டரின் மூடிய தலையை நேராகப் பார்க்கிற ஆளுக்குக் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம். அடியில் படுத்திருப்பவருக்கு இது சுலபம். பானட்டைத் திறந்து மேலிருந்து கையை விட்டுத் துழாவுகிறவருக்கு அதுவே கடிகாரப் பக்கமாகத் தெரியும். கழற்றுவதாக நினைத்து இன்னும் இறுக்கிவிடுபவர்கள் உண்டு.

முதலில் கால்கள் தகரத்தில் பதிந்தன, லேசாக நசுங்கியது. பிறகு ஒரு கணம் எதுவும் நகரவில்லை. ராட்செட்டை வெடுக்கென்று இழுக்காமல் ஒரே சீராக அழுத்திக்கொண்டே இருந்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். கேஸ்கெட் விட்டுக்கொடுக்கும் அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்களுக்கு மறக்காது. அதற்கப்புறம் விரலாலேயே சுழன்றது. அங்கே நிறுத்திவிட்டு, டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி ஆயிலை வடித்தேன். பிறகுதான் ஃபில்டரைக் கீழே இறக்கினேன்.

கழற்றியதும் முதலில் பார்க்க வேண்டியது ஃபில்டரின் வாயை. கேஸ்கெட் அதோடு வந்திருக்கிறதா? சில நேரம் ரப்பர் எஞ்சினிலேயே ஒட்டி நின்றுவிடும், இருட்டில் கறுப்பு மேல் கறுப்பு, கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் புது ஃபில்டரை மாட்டினால் இரண்டு கேஸ்கெட் ஒன்றின் மேல் ஒன்று. ஸ்டார்ட் செய்ததும் ஆயில் அழுத்தத்தில் ஒன்று பிதுங்கும், மொத்த ஆயிலும் சில நிமிடத்தில் ரோட்டில் கிடக்கும். ஆயில் இல்லாமல் எஞ்சின் இறுகி நின்றுபோவது இப்படித்தான். அதனால் விரலை விட்டு எஞ்சின் பக்கத்து வட்டத்தைத் தடவிப் பார்ப்பேன். உலோகத்தின் குளிர்ச்சியும் வழவழப்பும் சுற்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

மாமனாரின் ஃபில்டரில் கேஸ்கெட் கூடவே வந்திருந்தது. சதுரமாக இருக்க வேண்டிய ரப்பர் நாடா மாதிரி தட்டையாகிக் கிடந்தது. நகத்தால் அழுத்தினால் பதியவே இல்லை.

"இது என்னங்க மாப்ள, பிளாஸ்டிக்காட்டம் இருக்குது?" என்று வாங்கிப் பார்த்தார்.

புது ஃபில்டரை அவர் கையில் கொடுத்து, கேஸ்கெட்டில் புது ஆயிலை விரலால் தடவச் சொன்னேன். கையால் மரையில் ஏற்றி, ரப்பர் தொட்டதும் மார்க்கர் பேனாவால் டப்பாவில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, அங்கிருந்து முக்கால் சுற்று. ரிஞ்ச் கிடையாது. அவருக்கு மனசே ஒப்பவில்லை. "இன்னும் ஒரு சுத்து..." என்று இழுத்தார். ஆயிலை ஊற்றி ஸ்டார்ட் செய்து, ஆயில் விளக்கு அணைந்ததைக் காட்டி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டார்ச்சை அடித்து ஃபில்டரின் ஓரத்தையும் காட்டினேன். ஒரு பொட்டு ஈரமில்லை. அதே மார்க்கரால் டப்பாவின் மேல் தேதியும் கிலோமீட்டரும் எழுதிவைத்தோம். இந்த யோசனை அவருடையது. அடுத்து யார் கை வைக்கிறார்களோ அவர்களுக்குத் தெரியட்டுமாம்.

வடித்த பழைய ஆயிலைக் கட்டுத்தறிக்குத் தெளிக்கக் கேட்டு ஆள் வந்தது தனிக் கதை. கொடுக்கவில்லை. கேனில் ஊற்றி மூடி, பழைய ஆயில் எடுத்துப்போகிற ஆள் வரும் பட்டறையில் சேர்த்துவிட்டோம். இந்தியச் சட்டப்படி அது அபாயக் கழிவு, மண்ணிலோ சாக்கடையிலோ விடக்கூடாதது. கழற்றும்போது கையில் படுவதும் நல்லதில்லை, கையுறை அதற்கும் சேர்த்துத்தான்.

இவ்வளவும் தகர டப்பா ஃபில்டருக்கு. இப்போது பல கார்களில், முக்கியமாக ஜெர்மன் கார்களிலும் டீசல் எஞ்சின்களிலும், டப்பாவே கிடையாது. எஞ்சினோடு சேர்ந்த ஒரு கூடு, அதற்கு ஒரு பிளாஸ்டிக் மூடி, உள்ளே காகிதம் மட்டும் மாறும். அங்கே மூன்று கால் ரிஞ்சைக் கொண்டுபோனால் மூடி உடையும், அது திரும்ப மாட்ட வேண்டிய பொருள். மூடியின் தலையில் 27, 32, 36 மில்லிமீட்டர் என்று ஏதோ ஒரு அளவில் அறுமுகம் இருக்கும், அல்லது கிண்ணத்துக்கான வரிகள் இருக்கும். அந்த ஒரே ஒரு அளவை மட்டும் வாங்குங்கள். அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் வேண்டாம், முனைகளை மழுக்கிவிடும். பல மூடிகளில் 25 நியூட்டன் மீட்டர் என்று மேலேயே அச்சிட்டிருக்கும், அதற்கு மேல் போக வேண்டாம். மூடியின் ரப்பர் வளையத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். புது ஃபில்டர் பெட்டிக்குள்ளேயே பெரும்பாலும் அது இருக்கும். பெட்டியைத் தூக்கிப் போடும் முன் ஒருமுறை குலுக்கிப் பாருங்கள்.